செந்தூரா மரத்துக்கு வாங்கிய பழ ஈ லூர்: மூன்று பருவம் பார்த்த பிறகு எழுதுகிறேன்

மாமனார் திதியன்று அவர் படத்துக்கு முன்னால் வைத்த மாம்பழத்தை அத்தை எடுத்து நறுக்கினார். அவர் நட்ட மரத்துப் பழம்தான். தோள் சிவந்த செந்தூரா, கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு கரும்புள்ளி, அவ்வளவுதான். கத்தி இறங்கியதும் சதை கூழாக வழிந்தது. அதில் வெள்ளை வெள்ளையாகப் புழு. ஒன்று தட்டிலிருந்து துள்ளித் தரையில் விழுந்தது. அத்தை ஒன்றும் பேசவில்லை. தட்டோடு எழுந்து பின்பக்கம் போய்விட்டார். அந்த வருஷம் அந்த மரத்துப் பழத்தை அவர் வாயில் வைக்கவே இல்லை.

எங்கள் வீடு பெங்களூர் ராமமூர்த்தி நகரில். மாமனார் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த ஒட்டுக்கன்று அது. "மனைய வாங்கினதும் வீட்டுக்கு முன்னாடி மரந்தான் வந்துச்சு" என்பார் அத்தை. நல்ல வருஷத்தில் 200 காய்க்குக் குறையாது. ஆனால் ஐந்தாறு வருஷமாகப் பாதிக்கு மேல் புழு. ஆளைக் கூப்பிட்டு மருந்தடித்துவிடலாம் என்றார் வீட்டுக்காரர். பழுக்கப்போகிற காயில் விஷத்தை அடித்து, அதை யார் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பது? அதனால்தான் 'லூர்' என்கிற வாசனை மருந்தைக் காட்டி ஈயைப் பிடிக்கும் வழிக்கு வந்தேன். வாங்கியது, வீட்டில் செய்தது எல்லாவற்றையும் பற்றி இங்கே எழுதுகிறேன். ஒரு மரம், நான்கு தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது உதவும்.

முதலில் ஈயைத் தெரிந்துகொள்ளுங்கள். சமையலறையில் வாழைப்பழத்தைச் சுற்றுகிற பொடி ஈ வேறு. மாம்பழத்தைக் கெடுப்பது வீட்டு ஈ அளவு இருக்கும், சட்டென்று பார்த்தால் சின்னக் குளவியோ என்று தோன்றும். பழுப்பு உடம்பு, முதுகில் மஞ்சள் கோடு, கண்ணாடி மாதிரி இறக்கை. பெண் ஈக்கு வால் நுனியில் ஊசி போல ஒரு குழல் உண்டு. முற்றிய காயின் தோலை அதால் குத்தி உள்ளே முட்டை வைத்துவிடும். நான் சொன்ன அந்த மிளகுப் புள்ளி அதுதான். ஒன்றிரண்டு நாளில் முட்டை பொரியும், ஒரு வாரம் போலப் புழு சதையைத் தின்னும், பழம் விழுந்ததும் வெளியே வந்து மண்ணுக்குள் போய்க் கூடு கட்டும். அப்புறம் அங்கிருந்து மறுபடி ஈ. தெளிக்கிற மருந்து தோலோடு நின்றுவிடும், புழு உள்ளே சுகமாக இருக்கும். அதனால் ஈ குத்துவதற்கு முன்பே பிடித்தாக வேண்டும்.

முதல் வருஷம் இணையத்தில் 'பழ ஈ லூர்' என்று தேடி, கண்ணில் பட்டதை வாங்கினேன். மஞ்சள் அடிப்பாகமும் கண்ணாடி மூடியும் வைத்த டப்பா மூன்று, உள்ளே தொங்கவிட மருந்து ஊறிய சின்னச் சின்னக் கட்டை. மூன்றும் சேர்த்து 420 ரூபாய். ஏப்ரல் முதல் வாரம் மாமரத்தில் கட்டினேன். பத்து நாளாயிற்று. ஒரு ஈ இல்லை, இரண்டு எறும்பு மட்டும். விற்றவருக்கு எழுதினேன். "இன்னும் பத்து நாள் பொறுங்கள்" என்று பதில் வந்தது. பொறுத்தேன். இன்னும் நாலு எறும்பு வந்தது. கோபத்தில் ஒன்றைக் கழற்றி மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், பாகற்கொடிப் பந்தல் ஓரமாக ஓர் ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை தண்ணீர் ஊற்றப் போனால் டப்பாவுக்குள் 26 ஈ.

அப்புறம்தான் புரிந்தது. வாசனை ஒன்றல்ல, இரண்டு. மா, கொய்யா இவற்றைக் குத்துகிற ஈக்கு மெத்தில் யூஜினால். பாகல், புடலை, பீர்க்கு, வெள்ளரி போன்ற கொடிக்காய்களைக் குத்துகிற ஈக்கு க்யூ லூர். ஒன்றின் மணத்துக்கு மற்றது திரும்பிக்கூடப் பார்க்காது. எனக்கு வந்தது க்யூ லூர். அட்டைப்பெட்டியில் மாம்பழப் படம் போட்டிருந்தது, எந்த மருந்து என்று ஓர் எழுத்து இல்லை. விற்றவர் மீது எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஒரு பருவத்து மாம்பழம் அந்த ஓர் எழுத்து இல்லாததால் போயிற்று. வாங்கும்போது பெட்டியில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வாங்காதீர்கள். (பாகற்காய்க்கு அந்த லூர் பிரமாதம், அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வருஷம் பாகற்காய் ஒன்றுகூடக் கோணிக்கொண்டு மஞ்சளாகவில்லை.)

மாமரத்துக்கு மறுபடி காசு போட மனம் வரவில்லை. வீட்டிலேயே செய்து பார்ப்போம் என்று இறங்கினேன்.

கனிந்த வாழைப்பழம், வெல்லம், ஒரு சிட்டிகை ஈஸ்ட் கரைத்துத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தொங்கவிட்டேன். பொடி ஈ ஆயிரக்கணக்கில் விழுந்தது. நமக்கு வேண்டிய ஈ மூன்றோ நாலோ. ஆனால் அந்த மூன்று நாலில் பெண் ஈயும் இருந்தது, அதனால் இது வீண் என்று சொல்ல மாட்டேன். விட்டதற்குக் காரணம் வேறு. மூன்றாம் நாள் அதில் தேனீ விழுந்து கிடந்தது, ஐந்து. அன்றே அவிழ்த்துவிட்டேன். அடுத்து கிராம்பு எண்ணெய். கிராம்பில் இருப்பது யூஜினால், லூரில் இருப்பது மெத்தில் யூஜினால், பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று பஞ்சில் நனைத்து வைத்தேன். ஒரு வாரத்தில் இரண்டு ஈ. பெயரில் இருக்கும் அந்தச் சின்ன வித்தியாசம் ஈயின் மூக்குக்குப் பெரிய வித்தியாசம். பாகற்கொடியில் கருவாட்டுத் தூளை நனைத்து ஓட்டை போட்ட பையில் கட்டியும் பார்த்தேன். ஊர்ப்பக்கம் கொடிக்காய்த் தோட்டங்களில் செய்கிற முறைதான், ஈயும் வந்தது. ஆனால் மாடிக்குத் தெருப்பூனை எல்லாம் வந்துவிட்டது. நெருக்கமாக வீடு உள்ள இடத்தில் கருவாடு வேண்டாம்.

துளசிதான் என்னை ஆச்சரியப்படுத்தியது.

துளசி இலையில் மெத்தில் யூஜினால் இயற்கையாகவே இருக்கிறது. இரண்டு கைப்பிடி இலையைப் பறித்து அம்மியில் நசுக்கினேன்.

"ஏம்மா, மாடத்துத் துளசியா?" என்று உள்ளேயிருந்து கேட்டார் அத்தை.

"இல்லத்த, மாடித் தொட்டியில இருக்கறது."

"அப்ப சரி. மாடத்துலேருந்து ஒரு தளிரு எடுத்தாலும் எங்கிட்ட கேட்டுட்டு எடு."

நசுக்கிய இலையைக் கொட்டாங்குச்சியில் போட்டு, அரை டம்ளர் தண்ணீர், சீக்கிரம் புளிக்காமலிருக்க அரை மூடி எலுமிச்சைச் சாறு, இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு. சோப்பு எதற்கென்றால், அது இல்லாவிட்டால் ஈ தண்ணீர் மேல் நடந்துவிட்டுப் பறந்துவிடும். மரத்தின் தாழ்ந்த கிளையில் மூன்று கயிற்றில் உறிபோலக் கட்டிவிட்டுப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஒன்று வந்து கொட்டாங்குச்சியின் விளிம்பில் இறங்கியது. இறக்கையை மெதுவாக விரித்து மடக்கியது. பிறகு வாயிலிருந்து சின்னத் துதிக்கை மாதிரி ஒன்றை நீட்டி, இலைச் சாறு ஒட்டிய நாரை நக்க ஆரம்பித்தது. என் விரலை இரண்டு அங்குலம் பக்கத்தில் கொண்டுபோனேன், நகரவில்லை. கள் குடித்தவன் மாதிரி அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே மனமில்லை அதற்கு. நக்கி நக்கிச் சரிவில் இறங்கித் தண்ணீரில் விழுந்தது. அதற்குள் இன்னும் மூன்று வந்துவிட்டன.

ஏன் இப்படி உயிரை விடுகிறது என்று தேடிப் படித்தேன். வருவதெல்லாம் ஆண் ஈ. மெத்தில் யூஜினாலைத் தின்று, அதை உடம்பில் மாற்றிச் சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகு பெண்ணை அழைக்கும் மணமாக வெளியே விடுமாம். தின்ற ஆணுக்கே பெண் எளிதில் கிடைக்கும். அதற்கு இது கல்யாணச் சீர் போல. ஆணைப் பிடித்துவிட்டால் பெண் ஈ போடும் முட்டை பொரியாது, அடுத்த தலைமுறை குறையும். கணக்கு இதுதான்.

முதல் கொட்டாங்குச்சியில் ஒரு வாரத்தில் 31 ஈ. ஆனால் நாலாம் நாளுக்கு மேல் இலை அழுகி வாசனை மாறிவிடுகிறது, ஈ வருவது நின்றுபோகிறது. நாலு நாளைக்கொரு முறை நசுக்க வேண்டும், ஏப்ரல் முதல் ஜூன் வரை. வேலைக்குப் போகிறவளால் முடியவில்லை. ஆனால் உங்கள் மரத்தில் இந்த ஈ இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஒரு பைசா செலவில்லாமல், இதைவிட நல்ல வழி இல்லை. எதையும் வாங்குவதற்கு முன் ஒரு கொட்டாங்குச்சி துளசி வைத்துப் பாருங்கள்.

அந்த வருஷம் நவம்பரில் ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்தில் நடக்கும் கிருஷி மேளா என்கிற விவசாயக் கண்காட்சிக்குப் போனபோது ஒரு கடையில் மெத்தில் யூஜினால் கட்டையே தனியாகக் கிடைத்தது. பெயர் பெரிதாக அச்சிட்டு, தயாரித்த தேதியோடு, வெள்ளித்தாள் உறையில். கட்டை 80 ரூபாய், டப்பாவோடு 140. விற்ற பையன், "மாவுக்கா, பாகலுக்கா?" என்று முதலில் கேட்டான். அந்த ஒரு கேள்வியிலேயே நம்பிக்கை வந்து நாலு கட்டை, இரண்டு டப்பா வாங்கினேன். இதைத்தான் இரண்டு பருவமாகப் பயன்படுத்துகிறேன்.

காய் எலுமிச்சை அளவு வந்ததும் கட்டினேன். தலைக்குச் சற்று மேலே, நிழலில், இலை உரசாத இடத்தில். முதல் நாளே 74 ஈ. நம்ப முடியாமல் ஒரு தினத்தந்தித் தாளில் கொட்டி எண்ணினேன். முதல் வாரம் முடிய 300ஐத் தாண்டியது, பிறகு எண்ணுவதை விட்டேன். ஒரு கோடை மழை பெய்து ஓய்ந்த மறுநாள்கள்தான் அதிகம் விழும். கட்டை எனக்கு 40 நாள் வரை நன்றாக வேலை செய்தது, அதற்கு மேல் தளர்ந்துவிடுகிறது. மாற்றினேன். ஒரு பருவத்துக்கு ஒரு டப்பாவுக்கு இரண்டு கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். தோப்பு வைத்திருப்பவர்கள் ஏக்கருக்கு 6 முதல் 10 வரை கட்டுகிறார்கள். ஒற்றை மரத்துக்கு இரண்டு தாராளம்.

ஒரு நாள் உறையைப் பிரிக்கும்போது கட்டையிலிருந்து கசிந்த துளி துப்பட்டாவில் பட்டுவிட்டது. தெரியாமல் அதைக் கொடியில் காயப்போட்டேன். சாயங்காலம் பார்த்தால் அந்த ஒரு ரூபாய் அகல இடத்தில் ஒன்பது ஈ வரிசையாக உட்கார்ந்து நக்கிக்கொண்டிருக்கிறது. 1912இல் பீகார் பூசாவில் ஹவ்லெட் என்கிற பூச்சியியல் அறிஞர் இப்படித்தான் சிட்ரோனெல்லா எண்ணெய்க்குப் பழ ஈ வருவதை எழுதிவைத்தார். 1915இல் அந்த மணத்துக்குக் காரணம் மெத்தில் யூஜினால் என்றும் கண்டுசொன்னார். அந்தப் பூசா ஆராய்ச்சி நிலையம்தான் 1934 பூகம்பத்துக்குப் பிறகு டெல்லிக்கு இடம் மாறியது, இன்றும் அந்த இடத்துக்குப் பூசா என்றே பெயர். நூறு வருஷத்துக்கு முன் ஒருவர் பார்த்ததை என் துப்பட்டாவில் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, உண்மையாகச் சொல்கிறேன்.

இதையும் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023இல் மெத்தில் யூஜினாலை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் அதிகம் உள்ளவை என்ற 2ஏ பிரிவில் சேர்த்திருக்கிறது. கட்டை டப்பாவுக்குள் தொங்குகிறது, பழத்தில் படுவதில்லை, அதனால் பழத்துக்குப் பயமில்லை. ஆனால் வெறுங்கையால் தொடாதீர்கள், சமையலறையில் பிரிக்காதீர்கள், குழந்தை கைக்கு எட்டுகிற உயரத்தில் கட்டாதீர்கள். நான் ரப்பர் கையுறை போட்டு வெளித்திண்ணையில்தான் பிரிக்கிறேன். ஆராய்ச்சிப் பண்ணைகளில் மரக்கட்டையை ஆல்கஹால், மெத்தில் யூஜினால், மாலத்தியான் மூன்றும் 6:4:1 கணக்கில் கலந்து ஊறவைத்துச் செய்வார்கள். அதைப் படித்துவிட்டு வீட்டில் கலக்க ஆசைப்பட வேண்டாம். மாலத்தியான் பூச்சிமருந்து, வீட்டுக்குள் அதற்கு என்ன வேலை?

மருந்துக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டப்பாதான் மோசம். மேல்மூடி வெயிலில் வெளுத்து, இரண்டாம் பருவத்தில் கொக்கி மாட்டும் காது விரிந்துபோயிற்று. சாரல் மழைக்கே உள்ளே தண்ணீர் நின்று செத்த ஈ ஊறி நாறுகிறது, அடியில் வடிய ஓட்டையில்லை. எறும்பு கயிறு வழியாக இறங்கி ஈயைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஒரு பல்லி வாசலிலேயே குடியிருந்து வருகிற விருந்தாளியை எல்லாம் முழுங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது டப்பாவும் உடைந்தபோது ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். தோள்பட்டைக்குக் கீழே சுற்றிலும் நாலு ஓட்டை, சுண்டுவிரல் நுழையாத அளவு, சூடான கம்பியால் போட்டது. மூடியின் நடுவே கம்பி கோத்துக் கட்டையை உள்ளே ஓட்டைகளின் மட்டத்தில் தொங்கவிட்டேன். அடியில் இரண்டு விரல்கடை சோப்புத் தண்ணீர். கயிற்றில் ஒரு சாண் அளவுக்கு வாசலின் தடவினால் எறும்பு வராது. மழைக்கு மேலே ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்தேன். இந்தப் பாட்டில், வாங்கிய டப்பாவைவிட அதிகம் பிடிக்கிறது. அதனால் என் முடிவு: கட்டையை மட்டும் வாங்குங்கள், டப்பாவுக்குக் காசு கொடுக்காதீர்கள். கட்டைக்கு ஐந்துக்கு நாலரை. டப்பாவுக்கு இரண்டு.

லூர் மட்டும் போதுமா என்றால், போதாது. பெண் ஈ இதற்கு வராது. பக்கத்துத் தெருவில் ஏற்கெனவே கூடிவிட்ட பெண் ஈ பறந்துவந்து குத்தும். பசிபிக் கடலில் ரோட்டா என்ற தீவில், 1960களின் தொடக்கத்தில், மெத்தில் யூஜினாலும் பூச்சிமருந்தும் ஊறிய அட்டைகளை விமானத்திலிருந்து போட்டே இந்த ஈயை அடியோடு ஒழித்தார்கள். ஜப்பானும் ஒகினாவா பக்கத்துத் தீவுகளில் இதே முறையால் 1986க்குள் ஒழித்தது. அவை தீவுகள், சுற்றிலும் கடல். நம்மைச் சுற்றி இருப்பது பக்கத்து வீட்டுக் கொய்யா மரம். அதன் அடியில் அழுகிய பழம் எப்போதும் கிடக்கும். அந்த ஆன்ட்டியிடம் கன்னடத்தில் பக்குவமாகச் சொல்லி ஒரு பாட்டிலைக் கட்டிக்கொடுத்தேன். முதல் நாள் விழுந்ததைப் பார்த்தவர் மறுநாள் தானே பெருக்கி, விழுந்த பழத்தைக் கருப்புக் கவரில் கட்டி வெயிலில் வைத்துவிட்டார். பழத்தைக் குப்பையில் போட்டாலோ லேசாக மண்ணில் புதைத்தாலோ ஈ வெளியே வந்துவிடும். இறுகக் கட்டி வெயிலில் வாட்டினால் புழு செத்துவிடும். கைக்கு எட்டுகிற காய்களுக்குக் காகித உறை போடுகிறேன், பாகற்காய்க்குச் செய்தித்தாளைச் சுருட்டிய குழாய். அந்த உறைக்குள் இதுவரை ஒரு புழு கண்டதில்லை.

2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழத்தையும் பாகல், புடலை, கத்தரி, சேம்பு இவற்றையும் உள்ளே விடமாட்டோம் என்று நிறுத்தியது, ஞாபகமிருக்கலாம். முந்தைய வருஷம் 207 சரக்குகளில் பூச்சி கண்டார்கள். பழ ஈயும் அதில் உண்டு. மாம்பழத்துக்கான தடையை 2015 ஜனவரியில் எடுத்தார்கள். அங்கே போகிற பழத்தை 48 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் முக்கி எடுக்கிறார்கள். நம் வீட்டுப் பழத்துக்கு யார் அதெல்லாம் செய்வார்கள்? மரத்திலேயே தடுத்தால்தான் உண்டு.

லூர் கட்டாத கடைசி வருஷம் பறித்த 180 பழத்தில் 100க்கு மேல் புழு. போன வருஷம் 190இல் 34. இந்த வருஷம் இதுவரை 120 பறித்ததில் 11, அந்தப் பதினொன்றும் உறை போடமுடியாத உச்சிக்கிளைப் பழம்.

போன வாரம் மாமனாருக்குத் திதி. அத்தை காலையிலேயே மூன்று பழம் எடுத்துவைத்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றை அடுப்படியில் தானே நறுக்கினார். உள்ளே மஞ்சளாக, சுத்தமாக இருந்தது. ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, மிச்ச இரண்டையும் முழுசாகப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். "அந்தக் கட்டைய மாத்தற நாளு வந்துருச்சான்னு பாரும்மா" என்றார் என்னிடம்.

வந்திருந்தது. 41ஆம் நாள்.